ஒரே மீனே திரும்பத் திரும்ப மாட்டுதா? பழனி மலைப் பக்கம் வகை வகையா மீன் தேடுறவங்களுக்குக் கோளாறு வாரியா ஒரு வழிமுறை

எத்தனை கிலோ மாட்டுச்சுங்கிறதை விட்டுட்டு எத்தனை வகை மாட்டுச்சுன்னு நோட்டுல எழுதி வைக்கிற ஆளுங்களுக்காக இதை எழுதுறேன். வத்தலக்குண்டுல இருந்து பழனி வரைக்கும், கீழ குளத்துல இருந்து மேல கொடைக்கானல் ஏரி வரைக்கும் தூண்டிலைத் தூக்கிட்டு பல வருஷம் அலைஞ்சதுல புரிஞ்ச விஷயங்கள் இது. கோளாறு வாரியா பிரிச்சிருக்கேன், உங்களுக்கு எது நடக்குதோ நேரா அதுக்குப் போயிடுங்க, ஆனா முதல் ரெண்டை மட்டும் எல்லாரும் படிச்சிடுங்க ஏன்னா முக்காவாசி பேருக்கு பிரச்சனை ஆரம்பிக்கிறதே அங்கதான், புழுவை மாத்தி மாவை மாத்தி கொக்கியை மாத்தி கடைசில கம்பையும் மாத்திடுவாங்க, நிக்கிற தண்ணியை மட்டும் மாத்த மாட்டாங்க.

காலையில இருந்து ஜிலேபி, திரும்பவும் ஜிலேபி

இது வராத ஆளே கிடையாது. ஜிலேபி நம்ம ஊரு மீனே இல்ல, ஆப்பிரிக்காவுல இருந்து வந்த வகை, இந்தியாவுக்குள்ள 1952-ல கொண்டு வந்தாங்க. முட்டையை வாய்க்குள்ளயே வச்சு குஞ்சு பொரிக்கிற மீனு, வருஷத்துக்கு பல தடவை குஞ்சு விடும், அதனால ஒரு குளத்துல நுழைஞ்சிடுச்சுன்னா கரையோரம் பூரா அதுதான் நிக்கும். நீங்க கரையில இருந்து பத்தடி தூரத்துல மண்புழுவைப் போட்டுட்டு வேற மீனு வரும்னு காத்திருந்தா வராதுங்க, வேற மீனு அங்க வந்து மோந்து பாக்குறதுக்குள்ள ஜிலேபி புழுவை முடிச்சிடும்.

முதல்ல நேரத்தை மாத்துங்க. ஜிலேபி கண்ணால பாத்து மேயுற மீனு, பொழுது சாய்ஞ்சதும் அடங்கிடும். அப்புறம் கெளுத்தியும் ஆரலும் வெளிய வரும். அதே இடம் அதே மண்புழு, ஏழு மணிக்கு மேல போட்டுப் பாருங்க, வேற குளத்துக்கு வந்த மாதிரி இருக்கும். ராத்திரி இருக்க முடியாதுன்னா ஆழத்தை மாத்துங்க, தக்கையை எடுத்துட்டு ஈயத்தை மட்டும் கட்டி ஆழமான பக்கம் அடித்தரையில போய் உக்கார விடுங்க. அதுவும் ஒத்து வரலைன்னா இரையை மாத்துங்க, புழுவைக் கண்டா ஜிலேபிக்கு அடக்கமே கிடையாது, தவிடும் கடலைப் புண்ணாக்கும் கலந்த கெட்டி உருண்டையா இருந்தா ரோகு, மிர்கால், கெண்டைங்களுக்கு கொஞ்சம் வாய்ப்பு கூடும்.

இதெல்லாம் செஞ்சும் அதே கதைன்னா அந்தக் குளத்துல இருக்கிறதே அவ்வளவுதான். குத்தகைக் குளத்துல கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு வாங்கி விட்டிருப்பாங்க, கூட புல் கெண்டை இருக்கும், தானா வந்த ஜிலேபி இருக்கும், அடுத்த ஊரு குளத்துலயும் இதே ஆளுங்கதான். ஒரு குளத்துல இருந்து இன்னொரு குளத்துக்குப் போறது தண்ணியை மாத்தினதா ஆகாது.

ரெண்டு நாள் சுத்தியும் லிஸ்ட் ஏறவே இல்ல

இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமான பகுதி, கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

நிறைய பேரு பழனி மலைன்னா மேல ஏறுறதுன்னு நினைச்சுக்குறாங்க, சனிக்கிழமை காலையில கிளம்பி நேரா கொடைக்கானல் போய் ரூம் போட்டு ரெண்டு நாள் அங்கயே நிப்பாங்க. வகை எண்ணுற ஆளுக்கு அது தலைகீழ் கணக்கு. மேல போகப் போக மீன் வகை குறையும். ஒண்ணு குளிரு. ஆயிரம் மீட்டர் ஏறினா சராசரியா ஆறரை டிகிரி குறையும்னு சொல்வாங்க, வத்தலக்குண்டு சுமார் 300 மீட்டர், கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல, அப்போ கீழ இருக்கிறதை விட பதினோரு பன்னண்டு டிகிரி குளிர்ச்சி. நம்ம விராலு, கெளுத்தி, ஜிலேபி எல்லாம் வெதுவெதுப்பான தண்ணி கேக்குற சாதிங்க.

இன்னொண்ணு அருவி. மலைரோட்டுல ஏறும்போது டம்டம் பாறையில வண்டியை நிறுத்தி எல்லாரும் போட்டோ எடுப்பாங்கல்ல, எதிர்ல வெள்ளைக் கோடு மாதிரி தெரியுதே தலையாறு அருவி, எலிவால் அருவின்னும் சொல்வாங்க, அது 297 மீட்டர் உயரம். மஞ்சளாத்துத் தண்ணி அப்படியே செங்குத்தா கொட்டுது. கீழ இருக்கிற எந்த மீனு அதுல ஏறும் சொல்லுங்க. அருவிக்கு மேல இருக்கிற தண்ணியில முன்னாடியே இருந்தது இருக்கும், இல்ல மனுஷன் கொண்டு போய் விட்டது இருக்கும், வேற வழியே கிடையாது. நான் அந்தப் பாறையில நின்னு பாக்கும்போதெல்லாம் இந்த அருவியை ஒரு பூட்டின கதவாத்தான் பாக்குறேன்.

அதனால ரெண்டு நாள் இருந்துச்சுன்னா ஒண்ணரை நாளை அடிவாரத்துக்கு ஒதுக்குங்க, அரை நாள் மேல போதும்.

இப்போ அடுத்த விஷயம், இதை நான் ரொம்ப தாமதமாத்தான் புரிஞ்சுக்கிட்டேன். பழனி மலைக்கு ரெண்டு பக்கம் இருக்கு, ரெண்டும் வேற வேற ஆத்தோட குடும்பம். தெக்குச் சரிவுல இறங்குற மஞ்சளாறு தேவதானப்பட்டி பக்கம் அணையில தேங்கி வைகைக்குப் போகுது. வடக்குச் சரிவுல இறங்குற பாலாறு, பொருந்தலாறு, வரதமாநதி எல்லாம் சண்முகநதியாகி அமராவதியில சேருது, அமராவதி காவிரியில சேருது. ஒரே மலை, நடுவுல ஒரு முகடு, இந்தப் பக்கம் வைகை, அந்தப் பக்கம் காவிரி. பெரிய மீனுங்க ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் இருக்கும் ஏன்னா அதெல்லாம் குஞ்சா வாங்கி விட்டது, ஆனா ஓடையில தானா இருக்கிற சின்னச் சின்ன கெண்டை, கல்லுல ஒட்டுற மீனு, அயிரை இதுங்களைத் தேடுறதுன்னா ரெண்டு சரிவையும் தனித்தனியா பாக்கணும். ஒரு நாள் தேவதானப்பட்டிப் பக்கம், மறுநாள் பழனிப் பக்கம். என் நோட்டு அஞ்சு ஆறு பயணமா ஒரே எண்ணுல நின்னுக்கிட்டு இருந்துச்சு, சரிவை மாத்துன அன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள மூணு கூடுச்சு.

இதோட ஒரு கோரிக்கையும் இருக்கு. ஒரு சரிவுல பிடிச்ச மீனை உயிரோட பக்கெட்டுல வச்சு அந்தப் பக்கம் கொண்டு போய் விடாதீங்க, உயிர் இரையாக்கூட வேண்டாம். அந்த முகடு எத்தனையோ காலமா பிரிச்சு வச்சதை நாம ஒரு மத்தியானத்துல கலக்கக் கூடாது. வலையையும் டப்பாவையும் வெயில்ல நல்லா காய வச்சிட்டு அடுத்த தண்ணிக்குப் போங்க.

கொடைக்கானல் ஏரியில தக்கை அசையவே மாட்டேங்குது

முதல்ல அனுமதி. மீன்வளத் துறை ஆபீஸ்ல கேட்டு வாங்கிட்டுத்தான் உக்காரணும், போட் கிளப் பக்கம் போய் சும்மா தூண்டில் வீசக் கூடாது.

ஏரி 1863-ல லெவிஞ்ச்ங்கிற மதுரை கலெக்டர் ஏற்பாட்டுல ஓடையை மறிச்சுக் கட்டினது. அதாவது இயற்கையான ஏரி கிடையாது, உள்ள இருக்கிற பெரிய மீனும் கொண்டு வந்து விட்டதுதான். நீங்க அங்க தேட வேண்டியது கார்ப்பு, சாதாக் கெண்டைன்னும் சொல்வாங்க. குளிரைத் தாங்குற மீனு. கண்ணாடிக் கெண்டைன்னு ஒண்ணு இருக்கு, உடம்புல அங்கங்க மட்டும் பெரிய பெரிய செதில் இருக்கும், அதுவும் இதே இனம்தான், நோட்டுல ரெண்டாவது எண்ணாப் போடாதீங்க. நீலகிரிக்கு அந்தக் கண்ணாடி வகையை 1939-ல இலங்கையில இருந்துதான் கொண்டு வந்தாங்க.

தக்கை அசையாததுக்குக் காரணம் பெரும்பாலும் நேரம். கீழ பழகினவங்க விடியக்காலம் அஞ்சரைக்கே போய் உக்காந்துடுறாங்க. மார்கழி, தை மாசத்துல அந்த நேரத்துக்கு கை விறைக்கிற குளிரு, தண்ணியும் அப்படித்தான், கெண்டை ஆழத்துல அசையாம கிடக்கும். பதினோரு மணிக்கு மேல வெயில் ஏறுற வரைக்கும் டீ குடிங்க. பதினொண்ணுல இருந்து நாலு வரைக்கும்தான் உங்க நேரம், அதுலயும் வெயில் நேரா விழுற ஆழம் குறைஞ்ச கரை, பாசி முடிஞ்சு வெறும் தண்ணி ஆரம்பிக்குற ஓரம்.

இரையும் குறைச்சலா இருக்கணும். குளிர்ல மீனுக்கு செரிமானம் மெதுவா நடக்கும், கீழ போடுற எலுமிச்சம்பழ அளவு உருண்டையை இங்க போட்டா பாத்துட்டுப் போயிடும். பட்டாணி அளவு மாவு, இல்ல ரெண்டு மண்புழுத் துண்டு. கொஞ்சமா தவிட்டை ஈரமாக்கி ஒரே இடத்துல தூவிட்டு அரை மணி நேரம் பொறுங்க. கார்ப்பு அடித்தரையைக் கிளறி மேயுற மீனு, சின்னச் சின்ன குமிழி வரிசையா வந்துச்சுன்னா ஆளு வந்தாச்சுன்னு அர்த்தம்.

அங்க ஒரு மீனு கிடைச்சா கொடைக்கானல் வேலை முடிஞ்சது, மனசைத் தேத்திட்டு கீழ இறங்குங்க. குளிர்ந்த தண்ணி மீனான ட்ரவுட் இங்க கிடைக்குமான்னு கேக்குறவங்க ரொம்ப பேரு, அது நீலகிரி கதை, அவலாஞ்சியில அதுக்குன்னு குஞ்சு பொரிப்பகமே இருக்கு.

பொழுது சாய்ஞ்சா ஏரி ரோட்டுல காட்டுமாடு நடமாடும், கம்பும் பையுமா இருட்டுல நடக்காதீங்க.

தக்கை ஆடுது, சுண்டினா வெறும் கொக்கி வருது

வகை தேடுறவங்களுக்கு இது கோளாறே இல்ல, அதிர்ஷ்டம் கதவைத் தட்டுதுன்னு அர்த்தம். தக்கை படபடன்னு ஆடி முழுகாம நின்னு திரும்ப ஆடுதுன்னா, உங்க கொக்கி வாய்க்குள்ள போகாத அளவுக்கு சின்ன மீனு கூட்டமா புழுவைப் பிச்சுக்கிட்டு இருக்கு. கிலோ கணக்கு பாக்குறவன் இடத்தை மாத்துவான். நீங்க மாத்தாதீங்க, கொக்கியை மாத்துங்க. ஏன்னா பெரிய மீனு பத்து வகைதான்னா சின்னது அதைப் போல பல மடங்கு, நம்ம ஓடைகளோட உண்மையான சொத்தே இந்த ரெண்டு அங்குல ஆளுங்கதான்.

கொக்கி நம்பர் கூடக் கூட சைஸ் சின்னதாகும், இது புதுசா வர்றவங்களைக் குழப்பும். கடையில சாதாரணமா தர்றது எட்டு, பத்து. உங்களுக்கு வேணுங்கிறது பதினாறுல இருந்து இருபது. ஜப்பான்ல தனாகோங்கிற குட்டி மீனுக்குன்னே செஞ்ச கொக்கி ஆன்லைன்ல கிடைக்குது, அது இன்னும் பொடிசு, ஒரு பாக்கெட் வாங்கினா பல பயணம் வரும். தங்கூசி, அதாவது தூண்டில் நரம்பு, மெல்லிசா இருக்கணும், 0.10 இல்ல 0.12 மி.மீ. போதும். தக்கை தீக்குச்சி அளவு, மயில் இறகுத் தண்டை வெட்டி வச்சுக்கிட்டா அருமையா இருக்கும். ஈயம் மிளகுல பாதி.

புழுவை முழுசா கோக்காதீங்க. குண்டூசித் தலை அளவு ஒரு கிள்ளு, கொக்கி முனையை மட்டும் மூடினா போதும். பரோட்டா மாவு இதுக்கு நல்லா ஒட்டும், ஒரு பொட்டு எடுத்து உருட்டினா தண்ணியில கரையாம ரொம்ப நேரம் நிக்கும். சுண்டுறதும் மணிக்கட்டு மட்டும் அசையுற அளவுக்கு, கையைத் தூக்கி இழுத்தீங்கன்னா அந்தச் சின்ன உதடு கிழிஞ்சிடும்.

நான் இதைக் கத்துக்கிட்டது வரதமாநதி அணைக்குக் கீழ, வாய்க்கால்ல. பெரிய கொக்கியோட காலையில இருந்து புழு மட்டும் பறிகொடுத்துட்டு உக்காந்திருந்தேன், பக்கத்துல துணி துவைக்க வந்த ஒரு அக்கா பாத்துட்டு, "தம்பி, அங்கன இருக்கிறதெல்லாம் பொடி மீனு, எம் மவன் குண்டூசியை வளைச்சுத்தான் பிடிப்பான்"னாங்க. அன்னைக்கு குண்டூசி கிடைக்கல, பையில கடைசியா கிடந்த ஒரு பதினெட்டாம் நம்பரைக் கட்டினேன், முதல் வீச்சுலயே உடம்போட பக்கவாட்டுல நீலக் கோடு ஓடுற டேனியோங்கிற குட்டி மீனு ஒண்ணு வந்துச்சு. உள்ளங்கையில தண்ணி வச்சு அதைப் பாத்த அந்த ஒரு நிமிஷத்துக்கு அப்புறம் நான் பெரிய மீனுக்காக ஏங்கினதே இல்ல.

ஓடையில மீன் கண்ணுக்குத் தெரியுது, ஆனா இரையைத் திரும்பிக்கூட பாக்கல

நீங்க நிக்கிற விதம்தான் முதல் சந்தேகம். தெளிஞ்ச தண்ணியில உங்க நிழல் விழுந்தா அது முடிஞ்சது. சூரியன் முன்னாடி இருக்கிற மாதிரி நில்லுங்க, குனிஞ்சு வாங்க, முடிஞ்சா நீரோட்டத்துக்குக் கீழ இருந்து மேல போங்க, ஓடையில மீனுங்க தண்ணி வர்ற திசையைப் பாத்துத்தான் நிக்கும்.

ரெண்டாவது சந்தேகம், அது என்ன திங்குது. பாறையில வயித்தை ஒட்டிக்கிட்டு தலையை ஆட்டி ஆட்டி மேயுதே, அது பாசி சுரண்டித் திங்குற மீனு, புத்தகத்துல காரான்னு பேரு, தாடைக்குக் கீழ வட்டமா ஒட்டுறதுக்கு ஒரு அமைப்பு இருக்கும். அதுக்கு முன்னாடி மண்புழுவைத் தொங்க விட்டா அது தலை தூக்கிப் பாக்காது, வாயே கீழ்ப்பக்கம் இருக்கு. இரை பாறையைத் தொட்டுக்கிட்டு அசையாம கிடக்கணும். தக்கையைக் கழட்டிடுங்க, பொட்டு ஈயத்தைக் கொக்கிக்கு ரெண்டு அங்குலம் மேல வச்சு, மாவுப் பொட்டை அது மேயுற பாறையில நேரா மூக்குக்கு முன்னாடி வச்சிடுங்க. சில நேரம் அரை மணி ஆகும். அதே பாறைப் பாசியில இருந்து ஒரு இழையை மாவோட சேத்து உருட்டினா இன்னும் நல்லது.

அயிரை மணல்ல புதைஞ்சிருக்கும், அதுக்கும் இதே முறைதான், இடம் மட்டும் மணல் திட்டு.

கொக்கி போய்க்கிட்டே இருக்கு, எங்க போட்டாலும் சிக்குது

அணைக்குள்ள தண்ணி நிக்கிறதுக்கு முன்னாடி அங்க வயல், வேலி, மரம் எல்லாம் இருந்திருக்கும். ஒரு அணையில பரிசல்காரர் ஒருத்தர் என்னைப் பாத்துட்டு, "தம்பி, நீ போடுற இடத்துல பூரா வேலங்கட்டை கிடக்கு, சித்திரையில வந்து பாரு, தரை தெரியும்"னாரு. அதே மாதிரி சித்திரையில போனேன், தண்ணி வத்தி கட்டை, பழைய கிணத்து மேடு, வாய்க்கால் தடம் எல்லாம் வெளிய தெரிஞ்சது, போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கிட்டேன், கரையில இருக்கிற பெரிய பாறையை அடையாளம் வச்சு. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அணை நிறைஞ்சப்புறம் எந்த இடத்துல போடலாம் எங்க கூடாதுன்னு அந்தப் போட்டோதான் சொல்லுது. கட்டை இருக்கிற இடத்தை முழுசா ஒதுக்கவும் வேண்டாம், அதோட ஓரத்துலதான் மீனு ஒதுங்கும்.

சிக்கினா வெடுக்குன்னு இழுக்காதீங்க. கரையில இருபதடி நடந்து வேற கோணத்துல இருந்து இழுங்க, பாதிக்குப் பாதி வந்துடும். ஈயத்தை மெயின் தங்கூசியை விட மெல்லிசா ஒரு துண்டுல கட்டினா ஈயம் மட்டும் போகும், கொக்கி வந்துடும். அறுந்த தங்கூசியை தண்ணியில விட்டுடாதீங்க, கொக்குக் கால்ல சுத்தி நான் பாத்திருக்கேன்.

மழை பேஞ்சு தண்ணி செங்காவி, ட்ரிப் போச்சா?

போகல. கண்ணால இரை தேடுற மீனு அன்னைக்கு லீவு, மீசையால தேடுற மீனுக்கு அன்னைக்குத்தான் திருவிழா. கெளுத்தி, ஆரல், குறிப்பா புதுத் தண்ணி வந்து கலக்குற மூலையில. வாசனை தூக்கலான இரை போடுங்க, கோழிக் குடல், இறால். ஓடையில மட்டும் இறங்காதீங்க, மேல மலையில பேஞ்ச மழை கீழ வெயில் அடிக்கும்போது வெள்ளமா வரும்.

விராலு பாயுது, தண்ணி தெறிக்குது, ஆனா கவ்வல

தவளை லூரை, அதாவது தவளை மாதிரி செஞ்ச செயற்கை இரையை, ஓட்டும்போது இப்படி நடந்தா நீங்க சீக்கிரம் சுண்டுறீங்க. தெறிக்கிற சத்தத்துக்கு சுண்டாம, கையில கனம் வந்ததுக்கு அப்புறம் சுண்டுங்க, மனசுக்குள்ள ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக்கிட்டா பழகிடும்.

ஆனா சுண்டுறதுக்கு முன்னாடி சுத்திப் பாருங்க. தண்ணி மேல செம்மஞ்சளா பொடிக் குஞ்சுங்க கூட்டமா கொதிக்கிற மாதிரி மேல வந்து போகுதான்னு. அப்படி இருந்தா அந்த விராலு பசியில பாயல, பிள்ளைங்களைக் காப்பாத்தப் பாயுது. அதைப் பிடிச்சீங்கன்னா அந்தக் கூட்டத்தை ஜிலேபியும் மத்ததும் கொஞ்ச நேரத்துல முடிச்சிடும். தயவு செஞ்சு அந்த இடத்தை விட்டுடுங்க, கெஞ்சிக் கேக்குறேன்.

கெளுத்தி குத்திடுச்சு

முதுகுல ஒண்ணு, பக்கத் துடுப்புல ரெண்டு, ஆக மொத்தம் மூணு முள்ளு. தேளி குத்தினா இன்னும் மோசம், பேருக்கேத்த மாதிரி கடுக்கும். அந்த விஷம் சூட்டுக்கு அடங்கும், அதனால கை தாங்குற சூட்டுல தண்ணி வச்சு, 45 டிகிரிக்கு மேல போகாம, அரை மணியில இருந்து ஒரு மணி நேரம் கையை முக்கி வைங்க. ஃபிளாஸ்க்ல வெந்நீர் கொண்டு போறது அதுக்காகவும்தான், குத்தாத கையால சூடு பாத்துட்டு கலக்கிக்கோங்க. முள்ளு உள்ள உடைஞ்சிருந்தாலோ வீக்கம் ஏறினாலோ டாக்டர்கிட்ட போய் டிடி ஊசியும் போட்டுக்கணும்.

வனத்துறை வாட்சர் வந்து நிறுத்திட்டாரு

அவரு செஞ்சது சரி. மேல் மலையில பெரும்பகுதி 2013-ல இருந்து கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம், உள்ள மீன் பிடிக்கக் கூடாது. பேரிஜம் ஏரிக்கு பாஸ் வாங்கிட்டுப் போறது பாத்துட்டு வர்றதுக்கு, தூண்டில் பையை கார்லயே விட்டுடுங்க. வடக்குப் பக்கம் அமராவதி அணை ஆனைமலை புலிகள் காப்பகத்தோட ஒட்டினது, தண்ணியில முதலையும் இருக்கு, ஆசைப்படாதீங்க. மத்த அணை, குளத்துல மீன் உரிமை குத்தகையிலயோ சங்கத்துக்கிட்டயோ இருக்கும். முன்னாடியே போய் "அண்ணே, வகை பாக்க வந்திருக்கேன், பிடிச்சதும் விட்டுடுவேன்"னு சொன்னா பெரும்பாலும் சிரிச்சுக்கிட்டே சரிங்கிறாங்க, சில பேரு கூட வந்து இடமும் காட்டுறாங்க.

மீனு கொக்கியை முழுங்கிடுச்சு

தோண்டி எடுக்காதீங்க, தங்கூசியை வாய்கிட்ட வெட்டி விட்டுடுங்க, பொழைக்க வாய்ப்பு அதுல அதிகம். கொக்கி முனைக்குப் பக்கத்துல இருக்கிற எதிர்முள்ளை முதல்லயே குறடால நசுக்கி வச்சுட்டா இந்த வேதனையே பாதி குறையும். கையை நனைச்சுட்டுத்தான் மீனைத் தொடணும், சூடான பாறை மேல கிடத்தவே கூடாது.

பிடிச்சாச்சு, என்ன இனம்னு தெரியல, எண்ணலாமா?

ஊர்ல கேட்டா எல்லாமே கெண்டை. அடுத்த ஊர்ல கேட்டா அதே மீனுக்கு வேற பேரு. அதனால பேரை அப்புறம் பாத்துக்கலாம், மீனு கையில இருக்கிற அந்த ரெண்டு நிமிஷத்துல என்ன எடுக்கணுமோ அதை எடுத்துடணும். சின்ன கண்ணாடி டப்பா ஒண்ணு வச்சுக்கோங்க, தண்ணி ஊத்தி மீனை உள்ள விட்டா துடுப்பெல்லாம் தானா விரியும், இடது பக்கம் ஒரு போட்டோ, வாயைக் கீழ இருந்து ஒரு போட்டோ, வால் ஒரு போட்டோ. வெளிய எடுத்து கையில வச்சு எடுத்தா துடுப்பு மடிஞ்சு ஒண்ணுமே தெரியாது, என்னோட பழைய போட்டோ எழுபது எண்பது அப்படித்தான் வீணாச்சு.

மீசையை முதல்ல பாருங்க. சாதாக் கெண்டைக்கு ரெண்டு ஜோடி மீசை, முதுகுத் துடுப்பு நீளமா இருக்கும். கட்லாவுக்கு மீசையே கிடையாது, வாய் மேல் பாத்து இருக்கும், தலை பெருசு. புல் கெண்டைக்கும் மீசை இல்ல, உடம்பு உருளையா இருக்கும். வெள்ளிக் கெண்டைக்கு செதில் பொடிப்பொடியா, கண்ணு தாழ்வா இருக்கும், அது மிதக்குற நுண்ணுயிரை வடிகட்டித் திங்குற மீனு, கொக்கியில மாட்டினா அபூர்வம்னு நினைச்சுக்கோங்க.

விராலு குடும்பத்துல நிறைய பேரு தடுமாறுறாங்க. முதுகுத் துடுப்புல விசிறிக் குச்சி மாதிரி இருக்கிற கதிர்களை எண்ணினா பாதிச் சண்டை தீரும், சாதா விராலுக்கு நாப்பது பக்கம், குரவைக்கு முப்பது பக்கம். பூவிராலுக்கு சின்ன வயசுல வால் அடியில வளையம் போட்ட கண்ணு மாதிரி ஒரு புள்ளி இருக்கும்.

ஜிலேபியில வாலுல செங்குத்தா கோடு கோடா இருந்தா நைல் ஜிலேபி, இல்லைன்னா 1952-ல வந்த பழைய ஆளு. ஆனா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கலந்து குட்டி போடும், கோடு அரைகுறையா இருந்தா நான் எண்ணுறதில்ல.

தேளிக்கு முதுகுத் துடுப்பு சின்னதா முன்னாடி மட்டும் இருக்கும். அதே மாதிரி கறுப்பா, ஆனா முதுகு பூரா துடுப்பு ஓடினா வேற குடும்பம், அதுல பெருசா இருந்தா ஆப்பிரிக்கக் கெளுத்தியா இருக்கலாம், நாட்டுல வளர்க்கத் தடை செஞ்ச மீனு, அதை மட்டும் திரும்பத் தண்ணியில விடாதீங்க.

அயிரைங்கள்ல கண்ணுக்குக் கீழ மடிச்சு வச்ச முள்ளு இருக்கான்னு நகத்தால லேசா தடவிப் பாருங்க, முள்ளு இருக்கிறது ஒரு குடும்பம், இல்லாதது வேற குடும்பம். விலாங்கும் ஆரலும் ஒண்ணுன்னு எழுதுறாங்க, இல்லவே இல்ல. ஆரலுக்கு மூக்கு கூம்பா நீண்டிருக்கும், முதுகுல தனித்தனியா குத்துற முள்ளு வரிசை இருக்கும். விலாங்குக்கு முள்ளே கிடையாது, அது முட்டையிடக் கடலுக்குப் போற மீனு, நடுவுல இத்தனை அணையைத் தாண்டி அடிவாரம் வரைக்கும் ஒண்ணு வந்து சேர்ந்திருந்தா, நோட்டுல எழுதுறதுக்கு முன்னாடி அதை உடனே விட்டுடுங்க.

சின்னக் கெண்டைங்கதான் கடைசி வரைக்கும் கஷ்டம். உடம்பு நடுவுல செதில் மேல துளைத் துளையா ஓடுற பக்கவாட்டுக் கோடு முழுசா ஓடுதா பாதியில நிக்குதா, அந்தக் கோட்டுல எத்தனை செதில், கரும்புள்ளி எத்தனை எங்க இருக்கு, மீசை எத்தனை ஜோடி, இது நாலும் போட்டோவுல தெரிஞ்சா வீட்டுக்கு வந்து நிதானமா பாக்கலாம். கூடவே எந்த ஓடை, எந்தச் சரிவு, எந்தத் தேதின்னு அங்கயே எழுதிடுங்க, மேல சொன்ன மாதிரி வைகைப் பக்கமா காவிரிப் பக்கமாங்கிறதுதான் சில சமயம் ரெண்டு ஒரே மாதிரி மீனைப் பிரிச்சுக் காட்டும். தெரியலைன்னா கேள்விக்குறி போட்டு வைங்க. என் நோட்டுல தேவதானப்பட்டிப் பக்கம் பிடிச்ச ஒரு ரெண்டங்குல கெண்டை நாலு வருஷமா கேள்விக்குறியோடதான் இருக்கு, போட்டோவுல வாய் தெரியல, வர்ற தை மாசம் தண்ணி தெளிஞ்சதும் அதே பாறைக்குப் போய் திரும்ப பிடிச்சு மீசையை எண்ணணும்.